ஒசைரிஸை எத்தனை துண்டாக வெட்டினார்கள்?

எகிப்தியக் கடவுள் ஒசைரிஸை அவன் தம்பி சேத் பதினான்கு துண்டாக வெட்டினான் என்று ஒரு புத்தகத்தில் படித்தீர்கள். நாற்பத்திரண்டு துண்டு என்று ஒரு காணொளியில் பார்த்தீர்கள். வெட்டவே இல்லை, ஆற்றில் மூழ்கித்தான் இறந்தான் என்று இன்னொருவர் சொல்லியிருக்கிறார். பத்து வயது மகளுக்குக் கதை சொல்ல வேண்டும், இதில் அசல் எகிப்தியக் கதை எது என்று கேட்டிருக்கிறீர்கள். துண்டுகளின் கணக்கு மேலாகத் தெரிவதுதான். இத்தனை வடிவங்களுக்கும் பின்னால் ஒரு மூலக் கதை உண்டா, அதை எகிப்தியர்களே எங்காவது முழுதாக எழுதி வைத்தார்களா என்பதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன்.

நமக்குக் கிடைத்த வரையில், எழுதி வைக்கவில்லை. நான் எகிப்தியல் படித்துவிட்டுப் பதினெட்டு வருடமாக மத்திய எகிப்திய மொழியை மாணவர்களோடு உட்கார்ந்து வரி வரியாக வாசித்து வருகிறேன். பிரமிடு, சவப்பெட்டி, கல்பலகை ஆகியவற்றில் உள்ள எழுத்தை நேராக வாசித்துச் சொல்ல முடியும். டெமாட்டிக் என்ற பிற்கால விரைவெழுத்தும், கிரேக்க தாலமி அரசர்கள் காலத்துக் கோவில் சுவர் எழுத்தும் எனக்கு அவ்வளவாகக் கைவராது. அந்த இடங்களில் மற்றவர்களின் மொழிபெயர்ப்பை நம்பித்தான் பேசுகிறேன். அதையும் மனதில் வைத்துப் படியுங்கள்.

நீங்கள் புத்தகத்தில் படித்த கதை பெரும்பாலும் புளூட்டார்க் சொன்னது. அவர் கிரேக்கர், டெல்ஃபி கோவிலில் பூசாரியாக இருந்தவர். கி.பி. 2-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கிளியா என்ற பெண் பூசாரிக்காக ஒசைரிஸ், அவன் மனைவி ஐசிஸ் பற்றி ஒரு நூல் எழுதினார். சேத் ஒரு விருந்து வைக்கிறான். ஒசைரிஸின் உடம்புக்குச் சரியாக அளவெடுத்துச் செய்த அழகான பெட்டியைக் கொண்டுவந்து, யாருக்குப் பொருந்துகிறதோ அவருக்கே பரிசு என்கிறான். ஒசைரிஸ் படுத்ததும் கூட்டாளிகள் எழுபத்திரண்டு பேரும் ஓடிவந்து மூடி ஆணியடித்து, ஈயத்தைக் காய்ச்சி ஊற்றி நைலில் விடுகிறார்கள். பெட்டி கடலில் மிதந்து பிப்லோஸ் கரையில் ஒதுங்குகிறது. ஒரு மரம் அதைச் சுற்றி வளர்ந்து, பிறகு அரண்மனைத் தூணாகிறது. ஐசிஸ் தேடிப் போய் மீட்டு வருகிறாள். நிலவொளியில் வேட்டைக்கு வந்த சேத் அதைக் கண்டுபிடித்து உடலைப் பதினான்காக வெட்டி எறிகிறான். நல்ல கதை. ஆனால் அந்த விருந்தும் அளவெடுத்த பெட்டியும் எந்த எகிப்திய மூலத்திலும் இதுவரை கிடைக்கவில்லை. புளூட்டார்க் பொய் சொன்னார் என்று நான் சொல்ல மாட்டேன். எகிப்தியப் பூசாரிகளின் வழியாக வந்த பல நல்ல செய்திகள் அவரிடம் உண்டு. கதையில் சொன்னபடியே எல்லாம் நடந்தது என்று எண்ணிவிடாதே என்று கிளியாவுக்கு அவரே எழுதியும் இருக்கிறார்.

ஒசைரிஸ் கதையின் மிகப் பழைய தடயங்கள் பிரமிடு எழுத்துகளில் இருக்கின்றன. சக்காராவில் உனாஸ் அரசனின் பிரமிடுக்குள், ஏறத்தாழ கி.மு. 2350-இல், இவை முதன்முதலாகச் சுவரில் செதுக்கப்பட்டன. நமக்கும் புளூட்டார்க்குக்கும் உள்ள இடைவெளியைவிட அவருக்கும் உனாஸுக்கும் உள்ள இடைவெளி பெரியது. உனாஸில் தொடங்கி அடுத்தடுத்த அரசர்களின் பிரமிடுகளிலும் செதுக்கப்பட்ட இந்த எழுத்துகளில் கொலையைப் பற்றி என்ன இருக்கிறது? நெத்யெத் என்ற இடத்தில் சேத் தன் அண்ணனைத் தரையில் தள்ளினான். இன்னொரு இடத்தில், "நீ மூழ்கிய இடம்" என்று ஒரு சொல். வேறோர் இடத்தில், எலும்புகளைச் சேர்த்துக்கொள், உறுப்புகளைக் கூட்டிக்கொள், மண்ணை உதறி எழுந்திரு என்று இறந்த அரசனைப் பார்த்துச் சொல்லும் மந்திரம். அவ்வளவுதான். ஆக, மூழ்கி இறந்தான் என்று சொன்னவரும் பழைய சான்றை வைத்துத்தான் பேசியிருக்கிறார். வெட்டப்பட்ட உடல் பற்றித் தெளிவாகவும் விரிவாகவும் பேசுபவை பிற்காலத்து எழுத்துகள், முக்கியமாகக் கிரேக்க, ரோமானிய ஆட்சிக் காலத்துக் கோவில்களில் உள்ளவை.

ஏன் இப்படி மென்று விழுங்கினார்கள்? பழைய எழுத்துகள் கொலையை விவரிக்காமல் தாண்டிப் போகின்றன என்பது உறுதி. காரணம் என்று நான் சொல்லப்போவது அனுமானம். ஆனால் பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கும் அனுமானம். அவர்களுக்கு எழுதுவது வெறும் பதிவு இல்லை. எழுதினால் அது நடக்கும், நடந்துகொண்டே இருக்கும். இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் கல்லறை எழுத்துகளைக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். பிரமிடு அறைகளில் மனித உருவ எழுத்து வரவேண்டிய இடத்தில் பல சமயம் தலையும் கையும் மட்டும் இருக்கும், அல்லது உருவமே இருக்காது. மத்திய அரசு என்று அழைக்கப்படும் பழைய எகிப்திய ஆட்சிக் காலத்தின் கடைசிக் கட்டத்துச் சவப்பெட்டிகள் சிலவற்றில் பறவை எழுத்துகளுக்குக் கால் இல்லை, பாம்பு எழுத்து இரண்டாக வெட்டுப்பட்டிருக்கிறது. எழுத்தர் சோம்பலால் விட்டதில்லை இது. பக்கத்தில் படுத்திருக்கும் இறந்தவரை எழுத்தில் உள்ள பாம்பு எழுந்து கடித்துவிடக் கூடாது என்ற கவலை. வகுப்பில் முதல் தடவை ஒரு மாணவி இதைக் கவனித்து, பறவையின் கால் அழிந்துவிட்டதா என்று கேட்டாள். இல்லை, வரையவே இல்லை என்று சொன்னபோது அவள் முகம் மாறியதை நான் மறக்கவில்லை. ஒரு பாம்பு எழுத்துக்கே இவ்வளவு அஞ்சியவர்கள், கடவுளின் கொலையைக் காட்சி காட்சியாகச் சுவரில் செதுக்குவார்களா?

மூன்றாம் செனுஸ்ரெத் காலத்தில், கி.மு. 19-ஆம் நூற்றாண்டில், இகெர்நோஃப்ரெத் என்ற உயர் அதிகாரி ஒசைரிஸின் ஊரான அபிடோஸில் அவன் திருவிழாவை நடத்திவிட்டு ஒரு கல்பலகை வைத்தார். அது இன்று பெர்லினில் இருக்கிறது. கடவுளின் படகைத் தாக்க வந்தவர்களை விரட்டினேன், பெரிய ஊர்வலத்தை நடத்தினேன், "அந்தப் பெரும் சண்டை நாளில்" அவனைக் காத்தேன், நெத்யெத் கரையில் அவன் எதிரிகளை வீழ்த்தினேன் என்கிறார். ஒசைரிஸ் விழுந்த இடத்தின் பெயர் அதில் இருக்கிறது. ஆனால் அவன் விழுந்தான் என்ற செய்தி அதில் இல்லை. படித்தவர்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம்தான், ஆனாலும் கல்லில் வராது.

எனக்கு மிகவும் பிடித்த மூலம் ஆமென்மோஸ் என்பவரின் கல்பலகை. பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, 18-ஆம் வம்ச காலத்தது. ஆமென்மோஸ் பெரிய பூசாரி இல்லை, ஆமுன் கோவிலின் மாட்டு மந்தைகளுக்கு மேற்பார்வையாளர். அவர் வைத்த துதிப்பாடல்தான் எகிப்திய மொழியில் நம்மிடம் உள்ளவற்றில் ஒசைரிஸ் கதைக்கு மிக நெருங்கி வருவது. அதிலும் கொலை இல்லை. ஐசிஸ் சலிக்காமல் தேடுகிறாள். அழுதுகொண்டே நாடெல்லாம் சுற்றுகிறாள். அவனைக் காணும்வரை ஓயவில்லை. கண்டதும் தன் இறகால் நிழல் செய்கிறாள், சிறகை அடித்துக் காற்று உண்டாக்குகிறாள். களைத்துக் கிடந்தவனை எழுப்பி, அவன் விதையை ஏற்று வாரிசைப் பெறுகிறாள். பிள்ளையை யாரும் அறியாத இடத்தில் தனியாக வளர்க்கிறாள். இறந்தவன் என்ற சொல்லுக்குப் பதிலாகக் களைத்தவன் என்ற சொல் இருப்பதைப் பாருங்கள்.

இறகும் சிறகும் எங்கிருந்து வந்தன என்றால், அவள் அங்கே பருந்து. ஐசிஸும் தங்கை நெஃப்திஸும் இரண்டு பருந்துகள் என்பது பிரமிடு எழுத்துகளிலேயே உண்டு. பழைய கல்லறைச் சித்திரங்களில் பிணத்தின் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் நின்று ஒப்பாரி வைக்கும் பெண்களுக்குப் பெரிய பருந்து, சிறிய பருந்து என்றே பெயர் எழுதியிருக்கிறது. நம் ஊர் வானில் வட்டமிடுகிற அதே கரும்பருந்து இனம்தான். அதன் நீண்டு நடுங்கும் குரலைக் கேட்டவருக்கு இந்தப் பெயர் ஏன் வந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, துண்டுகளின் கணக்குக்கு வருவோம். புளூட்டார்க் சொல்வது 14. அவருக்கு முன்பு எழுதிய இன்னொரு கிரேக்கர், சிசிலியைச் சேர்ந்த டியோடோரஸ், 26 என்கிறார். 42 என்பது எகிப்தியக் கோவில்களிலிருந்து வருவது. மேல் எகிப்தில் 22, கீழ் எகிப்தில் 20 என நாடு மொத்தம் 42 மாகாணங்களாகப் பிரிந்திருந்தது. பிற்காலக் கோவில் சுவர்களில் ஒவ்வொரு மாகாணமும் ஒசைரிஸின் உடலில் ஒரு பங்கை ஒரு கலத்தில் ஏந்தி ஊர்வலமாக வருகிறது. நாடு முழுவதும் சேர்ந்தால் அவன் உடல். 14-க்கு புளூட்டார்க்கே ஒரு விளக்கம் தருகிறார்: பௌர்ணமியிலிருந்து அமாவாசை வரை நிலவு தேயும் நாட்கள். ஒவ்வொரு எண்ணும் அதைச் சொன்னவரின் தேவையிலிருந்து வந்தது என்பதால், இதில் ஒன்றை அசல் என்று பொறுக்கி எடுப்பதில் பொருள் இல்லை. எங்கள் ஊரில் அவன் தலை, எங்கள் ஊரில் அவன் கால் என்று ஊருக்கு ஊர் ஒரு தல புராணம் இருந்தது. அவற்றை ஒன்றோடொன்று ஒத்துப்போகச் செய்ய வேண்டும் என்று எந்த ஊர்ப் பூசாரியும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

ஒரு இடத்தில் மட்டும் புளூட்டார்க்கை நான் திட்டமாக மறுப்பேன். ஒசைரிஸின் ஆண்குறியை மீன்கள் தின்றுவிட்டன, ஐசிஸ் அதற்குப் பதிலாக ஒன்று செய்து வைத்தாள் என்கிறார். அபிடோஸில் முதலாம் சேத்தி கட்டிய கோவிலில், உடல் குறையாமல் படுத்திருக்கும் ஒசைரிஸின் மேல் ஐசிஸ் பருந்தாக இறங்குவது புடைப்புச் சித்திரமாக இருக்கிறது. அவர்கள் மகன் ஹோரஸ் பிறந்தது அப்படித்தான் என்பது எகிப்தியரின் நம்பிக்கை. குறி மீனுக்குப் போயிருந்தால் அந்தச் சித்திரத்துக்கே இடமில்லை.

அதே சேத்தியைக் கொண்டு உங்கள் மகள் கேட்கப்போகும் அடுத்த கேள்விக்கும் பதில் சொல்லலாம்: சேத் கெட்டவனா? சேத்தி என்ற பெயருக்கே சேத்துக்கு உரியவன் என்று பொருள். கொலைகாரனின் பெயரை ஒரு பேரரசன் வைத்துக்கொண்டிருக்கிறான். சூரியக் கடவுள் ராவின் படகு ஒவ்வோர் இரவும் பாதாளத்தைக் கடக்கும்போது அபோஃபிஸ் என்ற பெரும்பாம்பு தாக்க வருகிறது. படகின் முனையில் நின்று அதை ஈட்டியால் குத்துபவன் சேத். அந்த முரட்டு பலம் இல்லாமல் மறுநாள் விடியாது. ஆனால் ஒசைரிஸின் ஊரான அபிடோஸில், தன் கோவிலிலேயே, சேத்தியின் பெயரில் சேத் விலங்கின் எழுத்து வரவேண்டிய இடத்தில் ஒசைரிஸின் உருவத்தையோ ஐசிஸின் முடிச்சையோ போட்டிருக்கிறார்கள். கொலையுண்டவன் வீட்டில் கொன்றவனின் பெயரை எழுத மனம் வரவில்லை. சேத் முழுக்க முழுக்க எதிரியானது பிற்காலத்தில், கி.மு. 7-ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு. அவன் அந்நிய நாடுகளின் கடவுளும்கூட என்பதால், அசீரியரும் பாரசீகரும் படையெடுத்து வந்த காலத்தில் அந்த வெறுப்பு அவன் மேல் விழுந்தது என்பது பலர் சொல்லும் காரணம். நியாயமாகவே படுகிறது, ஆனால் அது மட்டும்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். எத்ஃபு கோவிலில் ஹோரஸ் சேத்தை நீர்யானை வடிவத்தில் குத்துகிறான். அந்த நீர்யானை ஒரு நாய்க்குட்டி அளவுக்குத்தான் இருக்கிறது. கால் இல்லாத பறவையை நினைத்துக்கொண்டால் இதன் காரணம் புரியும்.

இதற்கெல்லாம் ஒரு விதிவிலக்கு உண்டு. கதையாகவே எழுதப்பட்ட ஒரு பாப்பிரஸ் சுருள், ஐந்தாம் ராம்செஸ் காலத்தது, ஏறத்தாழ கி.மு. 1145. இப்போது டப்ளினில் இருக்கிறது. அதிலும் கொலை இல்லை. கொலைக்குப் பிறகு ஒசைரிஸின் அரியணை மகன் ஹோரஸுக்கா, தம்பி சேத்துக்கா என்று கடவுளர் சபையில் எண்பது வருடம் நடந்த வழக்கு அது. சேத்துக்கு ஐசிஸ் பேரில் பயம். அவள் இருந்தால் நான் வாதாட மாட்டேன் என்று முரண்டு பிடிக்கிறான். சபை ஒரு தீவுக்கு மாறுகிறது. ஐசிஸ் போல எந்தப் பெண் வந்தாலும் ஏற்றாதே என்று படகோட்டி நெம்திக்குக் கட்டளை. அவள் கூனிக் குறுகிய கிழவியாக வருகிறாள். தீவில் ஐந்து நாளாக மாடு மேய்க்கும் பையன் பசியோடு இருக்கிறான், இந்தக் கூழ் அவனுக்கு என்கிறாள். படகோட்டி மறுக்கிறான். ஒரு அப்பம் தருகிறேன் என்கிறாள். உன் அப்பம் எனக்கு எதற்கு என்கிறான். விரலில் இருந்த தங்க மோதிரத்தைக் கழற்றிக் காட்டியதும் படகு நகர்கிறது.

தீவில் அவள் அழகிய பெண்ணாக மாறி சேத்தின் கண்ணில் படுகிறாள். நான் மாடு மேய்ப்பவனின் மனைவி, அவன் இறந்துவிட்டான், மகன் மாடுகளைப் பார்த்துக்கொண்டான், ஒரு அந்நியன் வந்து மகனை அடித்து விரட்டிவிட்டு மாடுகளைப் பிடுங்கப் பார்க்கிறான் என்று முறையிடுகிறாள். மகன் உயிரோடு இருக்கும்போது மாட்டை அந்நியனுக்குக் கொடுப்பதா என்று சேத் கொதிக்கிறான். எகிப்திய மொழியில் மாட்டு மந்தைக்கும் பதவிக்கும் ஒரே ஓசையில் சொல் உண்டு. மாட்டு வழக்கோடு சேர்த்துத் தன் அரியணை வழக்குக்கும் அவனே தீர்ப்புச் சொல்லிவிட்டான். அந்தக் கணத்தில் ஐசிஸ் பருந்தாகி ஒரு வேல மரத்தின் உச்சியில் போய் உட்கார்ந்து, உன் வாயே உனக்குத் தீர்ப்பு வழங்கியது என்கிறாள். கணவனுக்காக அழுத அதே பருந்து. மூல மொழியில் இந்தப் பக்கத்தை எத்தனை முறை வாசித்தாலும் இந்த இடத்தில் நான் ஒரு நிமிடம் நின்றுதான் போகிறேன். வழக்கு அதோடு முடியவில்லை. கல் படகுப் போட்டி, நீர்யானையாகி நீருக்கடியில் மூச்சடக்கும் போட்டி என்று நீண்டு, கடைசியில் பாதாளத்திலிருந்து ஒசைரிஸ் மிரட்டிக் கடிதம் எழுதிய பிறகே ஹோரஸுக்கு அரியணை கிடைக்கிறது. சேத்தையும் தள்ளிவிடவில்லை. ராவோடு வானத்தில் இருந்து இடியாக முழங்கு என்று அனுப்புகிறார்கள்.

அப்படியானால் மக்கள் ஒசைரிஸ் கதையை எப்படி அறிந்திருந்தார்கள்? பெரும்பகுதி செய்துதான். அபிடோஸில் முதல் வம்சத்து அரசன் ஜெரின் கல்லறையை, அவன் இறந்து ஆயிரம் வருடத்துக்குப் பிறகு, ஒசைரிஸின் கல்லறை என்று கொண்டாடத் தொடங்கினார்கள். அங்கே வந்தவர்கள் காணிக்கையாக வைத்துப் போன மண்பாண்டங்கள் மலையாகக் குவிந்ததால் அந்த இடத்துக்கு அரபியில் உம் எல்-காப், பானைகளின் தாய் என்றே பெயர். துட்டன்காமன் கல்லறையில் ஒசைரிஸின் உருவக்கோட்டில் செய்த ஒரு மரச்சட்டம் கிடைத்தது. உள்ளே நைல் வண்டலை நிரப்பி, பார்லியை விதைத்து, நீர் தெளித்திருக்கிறார்கள். கல்லறை இருட்டில் அது முளைத்தும் இருக்கிறது. ஒசைரிஸ் இறந்தான், எழுந்தான் என்பதற்கு இதைவிட வேறு எழுத்து அவர்களுக்குத் தேவைப்படவில்லை. இதை வைத்து, ஒசைரிஸ் ஆதியில் வெறும் தானியக் கடவுள் என்று ஒரு காலத்தில் முடிவு கட்டினார்கள். ஆதியில் அவன் உண்மையாகவே வாழ்ந்த ஓர் அரசன் என்று வேறு சிலர் சொன்னார்கள். இரண்டுக்கும் போதிய சான்று இல்லை. அவன் பெயரின் பொருள்கூட இன்னும் முடிவாகவில்லை. ஒசைரிஸ், ஐசிஸ் எல்லாம் கிரேக்கர் வாயில் வந்த வடிவங்கள். எகிப்திய எழுத்தில் உயிரொலிகள் இல்லாததால் அசல் உச்சரிப்பு இது என்று காணொளிகளில் உறுதியாகச் சொல்பவர்களை நம்பிவிடாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல ஆசை. தேதி தெரிந்த கடைசிப் பட எழுத்துக் கல்வெட்டு ஃபிலே தீவில், ஐசிஸ் கோவில் வளாகத்தில் இருக்கிறது. நாள் கி.பி. 394 ஆகஸ்ட் 24. அதைச் செதுக்கிய எழுத்தர், கூடவே டெமாட்டிக்கில் தேதி போட்டிருக்கிறார். அவர் குறித்திருப்பது ஒசைரிஸ் பிறந்த நாள் என்று.

மகளுக்கு எதைச் சொல்வது? புளூட்டார்க்கின் பெட்டிக் கதையைத் தாராளமாகச் சொல்லுங்கள், இது கிரேக்கத் தாத்தா ஒருவர் கேட்டு எழுதியது என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டால் போதும். பதினான்கா, நாற்பத்திரண்டா என்று கேட்டால் ஊருக்கு ஒரு துண்டு என்று சொல்லுங்கள். அப்புறம் அடுத்த நாள் இரவுக்குக் கிழவியையும் மோதிரத்தையும் வேல மரத்துப் பருந்தையும் வைத்துக்கொள்ளுங்கள். படகோட்டி என்ன ஆனான் என்று கேட்பாள். அவன் பாதத்தின் முன்பகுதியை வெட்டிவிட்டார்கள், அன்றிலிருந்து தங்கம் என்றாலே அவனுக்கு ஆகாது என்று சுருளில் இருக்கிறது. பத்து வயதுக்கு அதைச் சொல்லலாமா என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.